கட்டாயப் படைச்சேவை திரும்ப வருகிறது: பையனை ஊருக்கு அனுப்பிவிடலாமா?

கேள்வி, டிசம்பர் 6, 2025

அண்ணாச்சி, எனக்குச் சொந்த ஊர் வள்ளியூர் பக்கம். ஸ்டுட்கார்ட்டில் வேலை. போன வருடம்தான் குடும்பத்தோடு ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கினோம். மூத்தவன் 2008-இல் பிறந்தவன். நேற்று இங்கே நாடாளுமன்றத்தில் ராணுவச் சேவைச் சட்டம் நிறைவேறிவிட்டது. ஜனவரியிலிருந்து பதினெட்டு வயதாகும் பிள்ளைகளுக்குக் கடிதம் வருமாம். வீட்டில் அவள் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பேசாமல் பையனைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பி ஒரு கல்லூரியில் சேர்த்துவிட்டால் தப்பிக்கலாமா? நீங்கள் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

டிசம்பர் 6, இரவு

அனுப்ப வேண்டாம். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், முதலில் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். வாட்ஸப்பில் வருகிறதைப் படித்துவிட்டுத் தாய்மார்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள்.

2008-லும் அதற்குப் பிறகும் பிறந்த ஜெர்மன் குடியுரிமைக்காரர்களுக்குப் பதினெட்டு வயதாகும்போது கடிதம் வரும். அதோடு ஒரு படிவம். உடல்நிலை எப்படி, என்ன படித்திருக்கிறாய், ராணுவத்தில் சேர விருப்பம் உண்டா என்று கேட்பார்கள். பையன்கள் கட்டாயம் நிரப்பி அனுப்ப வேண்டும். பெண்பிள்ளைகள் விரும்பினால் அனுப்பலாம். பதில் போடாமல் இருந்தால் அபராதம் உண்டு. 2027 நடுவிலிருந்து அந்த வயதுப் பையன்கள் எல்லோரையும் மருத்துவப் பரிசோதனைக்கும் கூப்பிடுவார்கள். இப்போதைக்கு முக்கியமான கட்டாயங்கள் இவைதான். சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம். சேர்ந்தால் குறைந்தது 6 மாதம், வரி பிடிப்பதற்கு முன் மாதம் சுமார் 2,600 யூரோ.

ஆள் போதவில்லை என்றால் என்ன ஆகும் என்பதுதான் உங்கள் வீட்டுக்காரம்மாவின் பயம், இல்லையா? அப்படி வந்தால் கட்டாயமாக எடுக்கலாம். ஆனால் அதற்கு நாடாளுமன்றம் மறுபடியும் தனியாக ஓட்டெடுக்க வேண்டும். நேற்றைய ஓட்டு 323-க்கு 272. அடுத்த தடவை இதைவிடச் சுலபமாக இருக்காது என்று நினைக்கிறேன். அப்படியே நிறைவேறினாலும், ஆயுதம் தூக்க என் மனச்சாட்சி ஒப்பாது என்று சொல்கிறவனை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அது அவர்களுடைய அரசியல் சட்டத்தின் 4-ஆவது பிரிவிலேயே இருக்கிறது.

ஏன் அனுப்ப வேண்டாம்? பையன் அங்கே பள்ளி முடிக்கப் போகிறான், அவனுடைய சிநேகிதர்கள் எல்லாம் அங்கே. பாஸ்போர்ட் அவன் சட்டைப்பையில் பாளையங்கோட்டைக்கும் கூடவே வரும். அப்பன் பயந்து ஓடச் சொன்னான் என்பதும் கூடவே வரும்.

டிசம்பர் 7, காலை

கீழே ஒருவர் “ஐரோப்பா முழுக்கப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கிறவர்களையும் விடமாட்டார்கள்” என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. ஜெர்மனியில் வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருக்கிறவருக்கு இந்தக் கடிதம் வராது. குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

ஒவ்வொரு நாட்டிலும் கதை வேறு. ஜெர்மனியில் 1956-இல் ஆரம்பித்தது, 2011 ஜூலையில் நிறுத்தி வைத்தார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துப் போடவில்லை, நிறுத்தி மட்டும் வைத்தார்கள். ஸ்வீடன் 2010-இல் விட்டதை 2018 முதல் மறுபடி தொடங்கியது. லிதுவேனியா 2008-இல் விட்டது, 2015-இல் திரும்பக் கொண்டுவந்தது. லாத்வியா 2024 முதல் ஆள் எடுக்கிறது. குரோஷியாவில் இரண்டே மாதப் பயிற்சி, போன அக்டோபரில்தான் சட்டம் நிறைவேறியது. இப்படித் திரும்ப வந்தவற்றில் பெரும்பாலானவை ரஷ்யா மேல் இருக்கிற பயத்தில் வந்தவை. உக்ரைன் மேல் 2022 பிப்ரவரியில் படை ஏறியதைப் பார்த்த பிறகு அங்கே யாரும் அதை வீண் பயம் என்று சொல்வதில்லை.

பிடித்துக்கொண்டு போவது என்றால் மியான்மரைச் சொல்ல வேண்டும். 2010-இல் எழுதிக் கிடப்பில் போட்ட சட்டத்தை 2024 பிப்ரவரியில் ராணுவ ஆட்சி தூசி தட்டி எடுத்தது. ஆண்கள் 18 முதல் 35, பெண்கள் 18 முதல் 27. நாட்டுமக்கள் மேலேயே சண்டை போடுவதற்கு நாட்டுமக்களிலிருந்தே ஆள் எடுக்கிறார்கள். பிள்ளைகள் எல்லை தாண்டி ஓடியதை நான் குறை சொல்லவே மாட்டேன். அந்தப் பையன் என் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நானே ஓடச் சொல்லியிருப்பேன். ஸ்டுட்கார்ட் பையனை ஓடாதே என்கிறேன், ரங்கூன் பையனை ஓடு என்கிறேன். கேட்பது யார், எதற்காகக் கேட்கிறார்கள், மாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வார்கள், இந்த மூன்றும் தெரியாமல் கட்டாயம் நல்லதா கெட்டதா என்று பேசுவதில் அர்த்தமில்லை.

டிசம்பர் 8

நான் பட்டாளத்தில் சேர்ந்தது என் விருப்பத்தில். எங்கள் வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. அம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து திட்டிக்கொண்டேதான் வழியனுப்பினாள். மெட்ராஸ் ரெஜிமென்டுக்காரர்களுக்கு நீலகிரி வெலிங்டனில்தான் பயிற்சி. தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த உடம்புக்கு அந்தக் குளிர் முதல் வாரத்திலேயே உதட்டை வெடிக்க வைத்துவிடும். விசில் ஊதினால் சாக்ஸ் போட நேரம் கிடைக்காது. ஈர பூட்ஸுக்குள் வெறுங்காலை நுழைத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

எங்கள் பாரக்கில் நாங்குநேரிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். அவனை அனுப்பியது அவனுடைய அப்பா. கடன் இருந்தது, தங்கச்சி கல்யாணம் இருந்தது, “நீ போய்த்தான் ஆகணும்” என்று சொல்லிவிட்டார். ராத்திரி போர்வைக்குள் அழுவான். பகலில் உஸ்தாத் (பயிற்சி கொடுக்கிறவர்) திட்டும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. நல்ல சிப்பாயாகத்தான் ஆனான், என்னைவிட நன்றாகச் சுடுவான். ஆனால் லீவில் வந்தால் அப்பாவிடம் பேசமாட்டான். மணியார்டர் மட்டும் மாதம் தவறாமல் போகும். அவருடைய காரியத்தின்போதுதான் அந்த வீட்டு முற்றத்தில் அவன் ரொம்ப நேரம் உட்கார்ந்து பார்த்தேன்.

வள்ளியூர் நண்பருக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். அரசாங்கம் செய்கிற கட்டாயத்தைப் பிள்ளைகள் மறந்தாலும் மறப்பார்கள். வீட்டில் செய்கிறதை மறப்பதில்லை. “போ” என்பதும் “போகாதே” என்பதும் இதில் ஒன்றுதான். படிவத்தை அவன் நிரப்பட்டும்.

டிசம்பர் 10

நண்பர் பையனிடமே என் நம்பரைக் கொடுத்துவிட்டார். நேற்று ராத்திரி வீடியோவில் வந்தான். தமிழ் நன்றாகவே பேசுகிறான், அம்மா வழி வள்ளியூர்த் தமிழ், “அங்கிள், அதுலா...” என்று இழுக்கிறான். ஒரே கால்பந்து அணியில் விளையாடும் மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இவன் ஒருவன். இரண்டாவது பையன் துருக்கியிலிருந்து வந்த குடும்பம், தாத்தா காலத்திலேயே வந்துவிட்டார்கள். மூன்றாவது ஒரு மலையாளிப் பையன், அவன் வீட்டில் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்.

கடிதம் வரப்போவது இரண்டு பேருக்கு. மலையாளிப் பையனுக்கு வராது. அவன் நிம்மதியாக இருப்பான் என்றுதான் நினைத்தேன். அவன்தான் மூன்று பேரிலும் வாட்டமாக இருந்தான். “இவனுங்க போனா நானும் போவேன்னு சொன்னேன், என்னை எடுக்கமாட்டாங்களாம்” என்றான். உண்மைதான், அந்த ராணுவத்தில் சிப்பாயாகச் சேர ஜெர்மன் குடியுரிமை வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாக இருக்கிறார்கள். முதல் தடவையாக ஒரு அரசாங்கக் காகிதம் அவர்களைப் பிரித்து அடுக்குகிறது.

துருக்கிப் பையன் சேர்ந்துவிடலாம் என்ற யோசனையில் இருக்கிறான். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கவும் பணம் தருகிறார்கள், அங்கே லைசென்ஸ் எடுப்பது பெரிய செலவு. அது மட்டும் காரணமில்லை. “எங்க தாத்தா இங்க ஐம்பது வருஷம் இருந்தும் வெளியாள்தான். யூனிஃபார்ம் போட்டா யார் சொல்ல முடியும்?” என்று கேட்டானாம், நம்ம பையன்தான் தமிழில் எடுத்துச் சொன்னான். எனக்குப் பதில் வரவில்லை.

நம்ம பையன் 5-ஆம் தேதி ஊர்வலம் போயிருக்கிறான். அன்றைக்கு அங்கே நிறைய ஊர்களில் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்து இந்தச் சட்டத்தை எதிர்த்துப் போனார்கள். அப்பாவுக்குத் தெரியாது. (இப்போது தெரியும். பையனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.) ஒருவன் எதிர்த்து ஊர்வலம் போகிறான், ஒருவன் சேரப் போகிறான், ஒருவனுக்குக் கதவே இல்லை. மூன்று பேரும் ஒரே பாக்கெட்டிலிருந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 12

“இந்தியாவிலும் கட்டாயமாக்க வேண்டும், அப்போதுதான் பையன்களுக்கு ஒழுக்கம் வரும்” என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். எழுதினவர்களில் யாரும் பட்டாளத்தில் இருந்தவர்கள் இல்லை என்று படித்தாலே தெரிகிறது.

நம் அரசியல் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. 23-ஆவது பிரிவு கொத்தடிமை வேலையைத் தடை செய்துவிட்டு, பொதுக் காரியத்துக்காக அரசு கட்டாயச் சேவை கேட்கலாம், மதம், சாதி, வர்க்கம் பார்க்காமல் கேட்க வேண்டும் என்கிறது. இருந்தும் இதுவரை எந்த அரசும் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரனே எடுக்கவில்லை. சுமார் 25 லட்சம் இந்தியர்கள் தாங்களாகச் சேர்ந்த படை அது. சோற்றுக்கு வழியில்லாமல் சேர்ந்தவர்கள் அதில் எத்தனையோ பேர், அதற்கு அப்புறம் வருகிறேன்.

கட்டாயம் கிட்டத்தட்ட வந்தது ஒருமுறைதான். சீனப் போருக்குப் பிறகு 1963-இல் கல்லூரிகளில் என்சிசியை (தேசிய மாணவர் படை) கட்டாயமாக்கினார்கள். 1968-இல் மறுபடி விருப்பப் பாடமாக்கிவிட்டார்கள். எங்கள் பெரியப்பா அந்த இடைக்காலத்தில் பாளையங்கோட்டையில் படித்தவர். அவர் சொல்வார்: காலையில் மைதானம் நிறையக் காக்கிச் சட்டை, மரத்துப்பாக்கி, ஆஜர் கூப்பிட்டு முடிந்ததும் பின்வரிசை அப்படியே கரைந்து டீக்கடைக்குப் போய்விடும். விருப்பமாக வந்தவர்கள் பத்து பேர் இருந்தால் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நேரமில்லாமல், வராதவனைத் தேடுவதிலேயே அதிகாரிக்குப் பொழுது போகும். அதே மைதானத்தில் நான் என்சிசியில் இருந்தபோது வந்தவன் எல்லாம் வேண்டி வந்தவன். ஆள் குறைவு, ஆனால் ‘சாவ்தான்’ (நேராக நில்) என்றால் ஒரே சத்தம்தான் கேட்கும்.

ஒழுக்கம் வேண்டும் என்றால் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார் வேலையிடத்தைக் காலியாக வைக்காதீர்கள். அதற்கு ராணுவத்தை இழுக்காதீர்கள்.

டிசம்பர் 12, இரவு

மதியம் எழுதினதற்கு ஒரு சேர்க்கை. இந்த மண்ணுக்கே கட்டாயப் படை புதிதல்ல. நாயக்கர் காலத்தில் பாளையக்காரர்களுக்கு நிலமும் வரி வாங்கும் உரிமையும் கொடுத்தது எதற்கு? மதுரையிலிருந்து ஓலை வந்தால் இத்தனை ஆளோடு வந்து நிற்க வேண்டும் என்பதற்கு. நெற்கட்டும்செவலும் பாஞ்சாலங்குறிச்சியும் அந்த ஏற்பாட்டில் வந்தவைதான். கம்பெனிக்காரன் 1801-இல் பாளையங்களை அடக்கின கையோடு சனங்களிடம் ஆயுதத்தையும் பறித்தான். பூலித்தேவர் பின்னால் போனவனுக்கு “எனக்கு விருப்பமில்லை” என்று சொல்ல ஒரு படிவம் இருந்திருக்குமா என்று ஸ்டுட்கார்ட் பையன் கேட்டான். இருந்திருக்காது. ஆனால் விருப்பம் இல்லாத ஆளை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய படையை எதிர்த்து அத்தனை வருடம் நின்றிருக்கவும் முடியாது.

டிசம்பர் 14

ஞாயிற்றுக்கிழமை. காலையில் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் போய்விட்டு வந்து எழுதுகிறேன். இருட்டு விலகும் முன்னே அங்கே பையன்கள் வந்துவிடுவார்கள். பேட்டை, சுத்தமல்லி, மானூர் பக்கத்திலிருந்தெல்லாம் இரண்டு பேர் மூன்று பேராக ஒரு பைக்கில் வருவார்கள். பட்டாளத் தேர்வில் 1.6 கிலோமீட்டர், ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மார்க், அறுபது. அப்புறம் புல்-அப்ஸ் பத்து, ஒன்பது அடிப் பள்ளம் தாண்டணும். நான் ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், காசெல்லாம் வாங்குவதில்லை.

இவர்களில் சிலரோடு பேசின பிறகுதான் 12-ஆம் தேதி எழுதினது பாதிதான் என்று தோன்றுகிறது. நம் நாட்டில் கட்டாயம் இல்லை, எல்லோரும் விரும்பி வருகிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். இன்றைக்கு ஒரு பையனிடம் கேட்டேன், ஏன்டே பட்டாளத்துக்குப் போகணும்னு நினைக்கே? “பி.காம். முடிச்சிட்டு ஜவுளிக்கடையில நிக்கேன் அண்ணாச்சி. காலைல ஒம்பது மணிக்கு நின்னா ராத்திரி ஒம்பது வரைக்கும் உக்காரக் கூடாது” என்றான். அவனுக்கு அரசாங்கம் கடிதம் போடவில்லை. ஆனாலும் அவன் விரும்பித்தான் வருகிறான் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது.

அதுவும் இப்போது வருவது நான்கு வருட வேலை. 2022 ஜூன் 14-இல் அக்னிபத் என்ற இந்த ஆள் எடுப்புத் திட்டத்தை அறிவித்தார்கள். முதல் வருடம் மாதம் 30,000, அதில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடித்துக் கையில் 21,000. நான்கு வருடம் முடிந்ததும் அந்த நிதியிலிருந்து சுமார் 11.71 லட்சம். நான்கில் ஒருவரை மட்டும்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள், மற்ற மூவரும் வீட்டுக்கு. பென்ஷன் கிடையாது. முதல் தொகுதிக்கு 2026 கடைசியில் நான்கு வருடம் முடிகிறது. எனக்குக் கிடைத்த பென்ஷனில்தான் என் பெண்ணைப் படிக்க வைத்தேன், இந்த மைதானத்தில் நின்று வாட்ச் பிடிக்க நேரமும் கிடைத்தது.

கொரோனா சமயத்தில் இரண்டு வருடம் ஆள் எடுப்பே நடக்கவில்லை. ஓட்டத்திலும் மெடிக்கலிலும் தேறி, எழுத்துத் தேர்வுக்காகக் காத்திருந்த பையன்கள் நாடு முழுக்க இருந்தார்கள். அக்னிபத் வந்ததும் அந்தப் பழைய ஆள் எடுப்பையெல்லாம் ரத்து செய்துவிட்டார்கள். அந்த வருடத்துக்கு மட்டும் வயது வரம்பை 21-லிருந்து 23 ஆக்கினார்கள். அதற்குள்ளும் வராமல் வயது தாண்டிப்போனவன் ஒருவன் இன்றைக்கும் மைதானத்துக்கு வருகிறான், சின்னப் பையன்களுக்கு முன்னால் ஓடிக் காட்டுவான். நான் ஒன்றும் கேட்பதில்லை.

ஆகவே ஸ்டுட்கார்ட்டில் பணக்கார வீட்டுப் பையனுக்கும் ஏழை வீட்டுப் பையனுக்கும் ஒரே படிவம் போவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 6-ஆம் தேதி நான் அதைப் பார்க்கவில்லை. விருப்பம் இருக்கிறவனை மட்டும் எடுத்தால் போதும் என்றால், கடைசியில் வழியில்லாதவன்தான் விருப்பக்காரன் ஆகிறான். அங்கேயும் யார் சேரப்போகிறான், பாருங்கள். தாத்தா காலத்திலிருந்து வெளியாளாக நின்றவன்.

டிசம்பர் 18

இன்றைக்கு வெள்ளம் வந்து இரண்டு வருடம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டார்கள், ஹெலிகாப்டரில் சாப்பாடு போட்டார்கள். ராணுவமும் வந்தது, பேரிடர் மீட்புப் படையும் வந்தது. ஆனால் அவர்கள் வருமுன் ஆற்றோரத் தெருக்களில் இடுப்பளவு தண்ணீரில் கிழவிகளைத் தூக்கிக்கொண்டு வந்தது உள்ளூர்ப் பையன்கள். என் மைதானத்துப் பையன்களில் ஐந்தாறு பேர் கொக்கிரகுளம் பக்கம் நின்றார்கள். ஒருவன் பாட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் அவள் விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த ஆட்டுக்குட்டியையும் வைத்துக்கொண்டு வந்தான்.

இதைப் பார்த்துவிட்டுக் கட்டாயமே தேவையில்லை என்று சொல்வீர்கள். அதுவும் முழுசாகச் சரியில்லை. அன்றைக்கு யாருக்குக் கயிறு கட்டத் தெரியும், யாருக்கு நீந்தத் தெரியும், மயங்கினவனை எப்படிப் படுக்க வைப்பது என்பதெல்லாம் தெரிந்த பையன்கள் என்சிசியில் இருந்தவர்களும் பட்டாளத் தேர்வுக்கு ஓடிப் பழகினவர்களும்தான். மனசு எல்லோரிடமும் இருந்தது. கை பழகியிருந்தது சிலரிடம்தான். குளம் உடைந்தால் ஊரே மண்வெட்டியோடு வரவேண்டும் என்று 1858-இலேயே மதராஸ் மாகாணத்தில் சட்டம் போட்டிருந்தார்கள். இரண்டு மாதம் வெள்ளத்துக்கும் தீக்கும் முதலுதவிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயிற்சி, பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து, துப்பாக்கி இல்லாமல் என்று சட்டம் வந்தால் நான் கை தூக்குவேன். துப்பாக்கிக்கு மட்டும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

டிசம்பர் 20

நேற்று அங்கே மேலவையும் ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஜனவரி 1 முதல் அமல். இப்போது சுமார் 1,84,000 சிப்பாய்கள், 2035-க்குள் 2,60,000 அளவுக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம்.

ஒருவர் குலுக்கல் பற்றிக் கேட்டார். ஆமாம், பின்னால் கட்டாயம் வந்து, தகுதியானவர்கள் தேவைக்கு மேல் இருந்தால் கடைசி வழியாகக் குலுக்கிப்போட்டு எடுக்கலாம் என்று இருக்கிறது. எனக்கு இந்தச் சட்டத்தில் பிடிக்காத இடம் இதுதான். எல்லோரையும் எடு, அல்லது கேட்டு எடு. ஒரே பெஞ்சில் இருந்தவனில் ஒருவனைச் சீட்டில் எடுத்து இன்னொருவனை விட்டால், போனவனும் நிம்மதியாக இருக்கமாட்டான், இருந்தவனும் இருக்கமாட்டான்.

டிசம்பர் 27

கடையநல்லூர் நண்பர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறார், நேற்று தென்காசி போய்ப் பார்த்தேன். “இதெல்லாம் எங்களுக்கு 67-லிருந்து பழக்கம் பாய்” என்று சிரித்தார். (என்னையும் பாய் என்றுதான் கூப்பிடுவார், நான் அவரை அண்ணாச்சி என்பேன்.) கடையநல்லூர், தென்காசி ஜனங்கள் தஞ்சோங் பகாரில் குடியேறி எத்தனையோ தலைமுறை. 1954-இல் வெள்ளைக்காரன் அங்கே கட்டாயச் சேவை கொண்டுவந்தபோது சீன மாணவர்கள் தெருவில் இறங்கி மே 13-இல் பெரிய கலவரம். அதே ஊரில் 1967-இல் சொந்த அரசாங்கம் கொண்டுவந்தபோது நிலைத்துவிட்டது. கேட்பது யார் என்று முன்னே சொன்னேனே, அதுதான்.

அங்கே இரண்டு வருடம் முழு நேரம், அதற்குப் பிறகும் வருடா வருடம் கூப்பிடுவார்கள். குடியுரிமை மட்டுமல்ல, அப்பா அம்மா வழியாக நிரந்தரவாசம் வாங்கின பையனுக்கும் உண்டு. பையனுக்கு 13 வயதான பிறகு நீண்ட நாள் வெளிநாட்டில் இருக்க வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும், இரண்டு வருடம் தாண்டினால் 75,000 சிங்கப்பூர் வெள்ளியோ (டாலர்) அதற்கு மேலோ பிணைத்தொகை. ஊரில் ஓதவைக்கலாம், படிக்கவைக்கலாம் என்று அழைத்து வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். வராமல் இருந்தால் ஜெயில் வரைக்கும் போகும்.

அவருடைய மகன் போய் வந்துவிட்டான். என்ன சொல்கிறான் என்று கேட்டேன். சாப்பாட்டைப் பற்றிக் குறை, கொசுவைப் பற்றிக் குறை, சார்ஜென்டைப் பற்றிக் குறை. கல்யாணத்துக்கு மட்டும் அந்தப் பிளட்டூன் முழுக்க வந்து நின்றதாம், சீனப் பையன்கள் கடையநல்லூர் நெய்ச்சோற்றை மூன்று தட்டு வாங்கிச் சாப்பிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஜனவரி 4, 2026

மனச்சாட்சிக் காரணம் சொல்லி மறுப்பவர்கள் கோழைகள் என்று எழுதினவருக்கு. என் அக்கா மருமகள் ஜெர்மனியில் முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவளோடு வேலை பார்க்கும் மூத்தவர்கள் பழைய கதை சொல்வார்களாம். 2011 வரைக்கும் துப்பாக்கி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பையன்கள் அதற்குப் பதிலாக முதியோர் இல்லத்திலும் ஆஸ்பத்திரியிலும் ஆம்புலன்ஸிலும் வேலை செய்ய வேண்டும். பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையன் ஒரு கிழவருக்குச் சவரம் செய்துவிடுவான், மலம் துடைப்பான், சோறு ஊட்டுவான். கட்டாயப் படைச்சேவையோடு அதுவும் நின்றது. இன்றைக்கு அந்த மாதிரி இல்லங்களில் நம் பக்கத்துப் பெண்கள் போய் வேலை செய்கிறார்கள்.

நான் துப்பாக்கி பிடித்தவன். காஷ்மீர் பாராமுல்லாவில் பனியில் நின்றவன். ராத்திரி டியூட்டியில் ஒரு கிழவருடைய படுக்கைப்புண்ணைக் கழுவிக் கட்டுப்போடுகிறவனைக் கோழை என்று என்னால் சொல்ல முடியாது.

ஜனவரி 17

பொங்கல் அலைச்சலில் இந்தப் பக்கம் வரவில்லை. பையனுக்குப் பதினெட்டு முடிந்தது, கடிதமும் வந்துவிட்டது. துருக்கிப் பையனுக்கும். இரண்டு பேரும் மலையாளிப் பையன் வீட்டில் உட்கார்ந்து, அவனுடைய லேப்டாப்பிலேயே நிரப்பினார்களாம். துருக்கிப் பையன் விருப்பம் உண்டு என்று போட்டான். நம்ம பையன் இல்லை என்று போட்டான். உடல்நிலைக் கேள்வியில் அப்பா ஆஸ்துமா என்று போடச் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் இருந்தது, இப்போது இல்லை. பையன் மறுத்துவிட்டான், “எனக்கு வேண்டாம்னு நேரா சொல்றேன், பொய் எதுக்கு” என்று. வீட்டில் பெரிய சண்டை, இரண்டு நாள் பேச்சில்லை. நண்பரே, கோபப்படாதீர்கள். அவன் சொன்னது எனக்குப் பெருமையாக இருக்கிறது. பரிசோதனையில் எப்படியும் தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

சிநேகிதர்களுக்குள்ளும் ஒரு உரசல். “நீ ஊர்வலம் போவே, நான் உன்னைக் காப்பாத்தப் போகணுமா?” என்று துருக்கிப் பையன் கேட்டுவிட்டானாம். இவனுக்குத் தூக்கம் வரவில்லை, எனக்கு நடு ராத்திரியில் மெசேஜ். நீ அவனிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். அவன் பயிற்சிக்குப் போகும் முன்பே போய்ப் பேசு, முகாமுக்குள் போனபிறகு போனில் இதையெல்லாம் பேச முடியாது என்று எழுதினேன். நாங்குநேரிக்காரனும் நானும் ஒரு சின்ன விஷயத்துக்குப் பேசாமல் இருந்த நாட்களில்தான் அவனைக் குப்வாரா பக்கம் மாற்றினார்கள்.

ஜனவரி 19

பேசிவிட்டார்களாம். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏப்ரல் விடுமுறைக்கு மூன்று பேரும் வள்ளியூர் வருகிறார்கள், வ.உ.சி. மைதானத்தில் ஓடிப் பார்க்க வேண்டுமாம். வரட்டும், ஆனால் ஏப்ரலில் ஆறு மணிக்கு மேல் ஓடவிடமாட்டேன்.

ஜனவரி 22

ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) பற்றி மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும், ஓசிஐ அட்டைதான் மிச்சம். வந்து போகலாம், வேலை செய்யலாம், ஓட்டு கிடையாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருக்கிறவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் ஓசிஐ இல்லை என்று இந்திய உள்துறை விதி இருக்கிறது. ஆகவே பையன் விருப்பப்பட்டு ஆறு மாதமோ ஒரு வருடமோ கையெழுத்துப் போடுவதாக இருந்தால், அதற்கு முன் இந்தியத் துணைத் தூதரகத்தில் மனுக் கொடுத்து, அவன் அட்டை என்ன ஆகும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் சொல்வதை நம்பி இருக்க வேண்டாம். படிவம் நிரப்புவதற்கும் பரிசோதனைக்குப் போவதற்கும் இது பொருந்தாது, அது ராணுவத்தில் சேர்வது ஆகாது. தாத்தா பேரில் வள்ளியூரில் வயல் இருக்கிறவர்கள் பங்கு பாகத்தையும் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.